பிள்ளைக்கு இடம் உண்டா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலே, தறிச் சத்தத்தைக் கேட்டபடியே தேநீர் அருந்தக்கூடிய கடை ஒன்று உண்டு. மாலை வேளையில் நம் தோழர்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவர். ஏடு படிப்பர், படிப்பதைவிட அதிகமாக வாதாடுவர். ஓராண்டுக்கு முன்பு ஒரு நாள் நாமும் போயிருந்தோம். வழக்கமாக உரத்த குரலில் உலக விவகாரம் பேசும் பெரியவர், அன்று வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஐயா, பாவு அறுந்துவிட்டதா?” என்று கேட்டோம்.

“பாவு அறுந்தால் பிணைத்துக்கொள்ளத் தெரியும் தம்பி! பேரனுக்குப் பள்ளிக்கூடத்திலே இடம் கிடைக்கவில்லை. அதை எப்படிப் பிணைப்பது?” என்றார்.

“எந்தப் பள்ளி, சொல்லுங்கள்! நாளைக் காலையிலே நாலு பேர் போய்ப் பேசிவிடுவோம்” என்றார் ஒரு தோழர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு.

“பெர்லின்” என்றார் பெரியவர்.

சிரித்தனர் சுற்றியிருந்தோர். சிரிக்கவில்லை பெரியவர்.

கதை இதுதான். ஆயுள் முழுதும் குழித்தறியிலே கால் வைத்தவர் அவர். கூலியிலே மிச்சம் பிடித்து, கடனுக்கு மேல் கடன் வாங்கி, மகனைப் பொறியாளன் ஆக்கினார். மகன் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றிலே வேலை பார்த்தான். அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனான். மனைவியையும் மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டான். மருமகளும் படித்தவள். அவளுக்கும் அங்கே வேலை காத்திருக்கிறது. ஆனால் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? பாட்டி காஞ்சியிலே, அத்தை ஆரணியிலே, பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாத ஊர் அது!

“கீட்டாவிலே இடம் தேடுகிறோம் அப்பா” என்று தொலைபேசியிலே சொன்னானாம் மகன். “கீதையா? அதைப் படிக்கவா அவ்வளவு தொலைவு போனாய்?” என்று கேட்டாராம் நம் பெரியவர்! பழைய கறுப்புச் சட்டைக்காரர் அல்லவா? பிறகுதான் விளங்கிற்று. பிள்ளைகள் பகற்பொழுதைக் கழிக்கும் பள்ளியை அந்நாட்டார் சுருக்கமாகக் கீட்டா என்கிறார்கள்.

சட்டம் இருக்கிறது அங்கே. மூன்று வயது நிரம்பிய பிள்ளைக்கு 1996 முதல் பள்ளியில் இடம் கேட்கும் உரிமை. 2013 ஆகஸ்டு 1 முதல் ஒரு வயது நிரம்பிய பிள்ளைக்கே அந்த உரிமை. பெர்லின் நகரிலே 2018 ஆகஸ்டு முதல் பெற்றோர் கட்டணமும் இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் சிறு தொகை. வந்து குடியேறியவர் பிள்ளை என்பதற்காக உரிமையை மறுப்பதில்லை. நிர்வாகம் ஒரு சீட்டைக் கையில் கொடுக்கும். ஆனால் பள்ளியை நீ தேடிக்கொள் என்று சொல்லும். ஆசிரியர் போதவில்லை, இடம் போதவில்லை. நாற்பது பள்ளிக்கு எழுதினானாம் மகன். பதில் போட்டவர் ஆறு பேர். ஆறு பேரும் சொன்னது, காத்திருங்கள் என்பது. ரேஷன் அட்டை பளபளக்கிறது, கடையிலே அரிசி இல்லை என்ற கதைதான்!

வியப்பு என்னவென்றால், உலகுக்கு இந்தப் பள்ளியைக் கொடுத்ததே அந்த நாடுதான். ஃபிரோபெல் என்ற ஆசிரியர், பிளாங்கென்பர்க் என்ற சிற்றூரில் 1837இல் சிறுவருக்கான நிலையம் ஒன்று தொடங்கினார். 1840இல் அதற்குப் பெயர் சூட்டினார்: கிண்டர்கார்டன் — பிள்ளைகளின் தோட்டம். பிரம்பு இல்லை, மனப்பாடம் இல்லை. மரக்கட்டை, பந்து, பாட்டு, ஆட்டம், தோட்டத்திலே ஒரு பாத்தி. பிள்ளை வளரும், தோட்டக்காரன் உடனிருப்பான் என்றார் அவர்.

விட்டார்களா ஆளவந்தார்? 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டனுக்குத் தடை போட்டது! குற்றச்சாட்டு என்ன தெரியுமா? நாத்திகம் பரப்புகிறது, சமதர்மம் பரப்புகிறது என்பது! மூன்று வயதுப் பாலகன் மரக்கட்டை அடுக்கினானாம், அரியணை ஆடிற்றாம்! நமக்குப் பழக்கமான குற்றச்சாட்டுத்தான். பழைய தோழர்கள் புன்னகை செய்வர். தடை நீங்குமுன்பே, 1852இல், ஃபிரோபெல் மறைந்தார். தடை நீங்கியது 1860இல்.

அதற்குள் அந்தத் தோட்டத்தின் விதை கடல் கடந்துவிட்டது. 1848 புரட்சியிலே ஈடுபட்டு நாடு துறந்த கார்ல் ஷுர்ஸ் என்பவரின் மனைவி மார்கரெத்தே, அமெரிக்காவிலே விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்டவுனில் குடியேறினார். கையிலே சிறு மகள். சேர்க்கப் பள்ளி இல்லை. அழுதுகொண்டு உட்காரவில்லை அந்தத் தாய். 1856இல் தாமே தொடங்கினார், தம் மகளுக்கும் உற்றார் பிள்ளைகளுக்கும். அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டன் அதுதான். அங்கே பேசிய மொழி எது? ஆங்கிலமா? அல்ல, ஜெர்மன்! அகதியாய்ப் போன தாய், தன் மொழியிலே தன் பிள்ளைக்குத் திறந்த கதவு அது. இன்று அந்த நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் கிண்டர்கார்டன் என்ற அந்த ஜெர்மன் சொல்லைச் சொல்லித்தான் பள்ளி வாழ்வைத் தொடங்குகிறார்கள்.

நம்மவர் கடல் கடந்ததும் இன்று நேற்றல்ல. ஆனால் நம்மவருக்கு என்ன கிடைத்தது? இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே தாய் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளையை விட்டுவிட்டுப் போன இடத்துக்குப் பெயர் பிள்ளைக்காம்பரா. மலாயா ரப்பர்த் தோட்டத்திலே ஆயாக் கொட்டகை. பள்ளி அல்ல, கொட்டகை! பிள்ளை வளரவேண்டும் என்பதற்காக அமைத்ததா? தாயின் கை வேலையிலே இருக்கவேண்டும் என்பதற்காக அமைத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திலே பள்ளி வைக்கவேண்டும் என்று மலாயாவில் 1923இல் ஒரு சட்டம் சொல்லிற்று. அந்தச் சட்டத்தின் பேரால் மாட்டுக்கொட்டிலும் பள்ளியாகலாம் என்று நினைத்த துரைமார் இருந்தனர். அதையும் மீறித் தமிழைக் காத்த ஆசிரியர்கள் இருந்தனர்.

பெரியவரின் பேரனுக்கு வருவோம். எட்டு மாதம் கழித்து இடம் கிடைத்தது. கிடைத்த பிறகு நடந்ததைப் பெரியவர் வாயால் கேட்கவேண்டும். அவ்வளவு பூரிப்பு அவருக்கு!

முதல் மூன்று நாள், தாயும் பிள்ளையோடு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். நாலாம் நாள்தான் தாய் சற்று நேரம் வெளியே போய்ப் பார்ப்பாளாம். பிள்ளை அழுது தேறாவிட்டால், திரும்பவும் உள்ளே. வாரக்கணக்கில் ஆனாலும் சரி, ஆசிரியையின் மடியிலே பிள்ளை தானாக ஆறுதல் அடையும் வரையில் அவசரம் இல்லை. பெர்லின் முறை என்றே அதற்குப் பெயர். நம் ஊரிலே எப்படி? வாயிற்கதவிலே பிள்ளையின் கையைப் பிய்த்து எடுத்து, “அழுதால் போலீசு வரும்” என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடிக்கிறோம்!

எழுத்துச் சொல்லித் தருகிறார்களா என்று கேட்டாராம் பெரியவர். இல்லையாம். மூன்று வயதில் கை வலிக்க எழுதவைப்பது அங்கே வழக்கமில்லை. மழை பெய்தாலும் காலணி மாட்டி மண்ணிலே விளையாட விடுகிறார்களாம். “கூலி கொடுத்து மண்ணிலே புரளவிடுகிறார்கள்!” என்று முதலில் முணுமுணுத்தார். பிறகு நீண்ட நேரம் பேசவில்லை. ஏழு வயதிலே தகப்பன் பக்கத்திலே தறியில் உட்கார்ந்தவர் அவர். கோர்வைப் பட்டுக்கு இரண்டு ஆள் வேண்டும்: நெய்பவன் ஒருவன், மறுபக்கத்துக் கரைக்கு நாடா தள்ளப் பிள்ளை ஒருவன். காஞ்சிப் பட்டின் கரையிலே மின்னுவது ஜரிகை மட்டுமல்ல. விளையாடாமல் போன பிள்ளைகளின் மாலைப் பொழுதும் அதிலே நெய்யப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். “வீட்டிலே உங்கள் மொழியிலேயே பேசுங்கள்; ஜெர்மனை இங்கே நாங்கள் சொல்லித் தருகிறோம். தாய்மொழி ஊன்றிய பிள்ளைக்கு மற்ற மொழி எளிதிலே வரும்” என்றாளாம் அந்த ஆசிரியை. அதோடு நில்லாமல், தண்ணீர், பசி, தூக்கம், வலி, அம்மா வருவாள் — இப்படிப் பத்துச் சொல்லைத் தமிழிலே எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தன் எழுத்திலே எழுதிச் சுவரிலே ஒட்டிக்கொண்டாளாம்!

காஞ்சியிலே, கோயில் வீதிக்குக் கூப்பிடு தூரத்திலே, கட்டணம் வாங்கும் நர்சரியிலே, நம் தோழர் ஒருவருக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? “வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், தமிழ் பேசினால் பிள்ளை பின்தங்கிவிடும்” என்றார்கள். பெர்லினிலே தமிழ் பேசு என்கிறான் ஜெர்மானியன். காஞ்சியிலே பேசாதே என்கிறான் தமிழன்! யாரிடம் போய் முறையிடுவது?

பெயர்ப்பலகையிலே மாண்டிசோரி என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள் பல இடங்களில். மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் பள்ளியைத் திறந்தது 1907இல், ரோம் நகரத்துச் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பிலே. தாயும் தந்தையும் கூலிக்குப் போய்விட, படிக்கட்டிலே திரிந்த பிள்ளைகளுக்காக! அந்த அம்மையார் 1939இல் சென்னைக்கே வந்தார். கூலிக்காரன் பிள்ளைக்காகப் பிறந்த முறை, நம் நாட்டிலே கூலிக்காரன் நுழைய அஞ்சும் கட்டடத்தின் பெயராயிற்று. பெயரை இறக்குமதி செய்தவர்கள் நோக்கத்தைச் சுங்கச் சாவடியிலேயே விட்டுவிட்டார்கள்.

இதுவரை கேட்டுத் தலையசைத்த தோழர்களே, இனிமேல் நாம் சொல்லப்போவது சிலருக்குச் சற்றே கசக்கும். கசந்தாலும் கேளுங்கள்.

அதே தேநீர்க் கடைக்கு எதிரிலே இப்போது மாடிக் கட்டடம் ஒன்று எழும்புகிறது. ஒடிசாக்காரன் கம்பி கட்டுகிறான். பீகார்க்காரன் கலவை போடுகிறான். அவர்களில் ஒருவன் மனைவி சித்தாள். மணல் குவியலுக்குப் பக்கத்திலே தகரக் கொட்டகை, இரண்டு கம்பத்துக்கு நடுவே தூளி, தூளியிலே கைக்குழந்தை, அதை ஆட்டிக்கொண்டு மூன்று வயதுப் பையன். அதே மூன்று வயது! அங்கன்வாடி நான்கு வீதி தள்ளி இருக்கிறது. போயிருக்கிறாள் அந்தத் தாய். சொன்னது இவளுக்கு விளங்கவில்லை. இவள் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

இந்தப் பேச்சு கடையிலே வந்தபோது ஒரு தோழர், நல்ல தோழர், சிறை பார்த்தவர், சொன்னார்: “இருக்கிற இடம் நம் பிள்ளைகளுக்கே போதவில்லை. வந்தவன் பிள்ளைக்கெல்லாம் நாமா பொறுப்பு?”

பெரியவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். “என் பேரனைப் பற்றி அந்த ஊர்க்காரன் ஒருவனும் இப்படித்தான் கேட்டிருப்பான். அந்த வார்த்தையை ஜெர்மன் மொழியிலே கேட்டிருந்தால் நீ கொதித்திருப்பாய்” என்றார். கடையிலே பேச்சு நின்றது.

தோழர் கேட்டதிலே நியாயமே இல்லையா? உண்டு. குறைந்த கூலிக்கு வெளி மாநிலத்து ஆளைக் கொண்டுவந்து, உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் கீழே இழுக்கிறான் ஒப்பந்தக்காரன். அதை எதிர்ப்போம், இருவருக்கும் ஒரே கூலி என்று இருவரையும் சேர்த்துக்கொண்டே எதிர்ப்போம். ஆனால் தூளி ஆட்டும் மூன்று வயதுப் பையனா கூலியைக் குறைத்தான்? முதலாளியிடம் காட்டவேண்டிய கோபத்தைப் பிள்ளையிடம் காட்டுவது பகுத்தறிவா?

“இந்தி பேசுகிற பிள்ளையாயிற்றே!” என்பார் இன்னொருவர். 1938இலும் 1965இலும் இந்த இயக்கம் எதிர்த்தது திணிப்பை. 1968இல் அண்ணா ஆட்சி இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக்கியது, எவன் மொழியும் எவன் தலைமீதும் ஏறக்கூடாது என்பதற்காக. தாகத்தால் தண்ணீர் கேட்கும் குழந்தையின் நாவையா எதிர்த்தோம்? “பானி” என்று பிள்ளை கேட்டால் தண்ணீர் கொடுப்போம். கொடுக்கும்போதே “தண்ணீர்” என்று சொல்லியும் கொடுப்போம். நாலு மாதத்திலே அந்தப் பிள்ளை தமிழிலே சண்டை போடும். இதனால் இந்தி ஆதிக்கம் வந்துவிடாது; தமிழுக்கு இன்னொரு பிள்ளை கிடைக்கும். 2023 மார்ச்சிலே, தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை அடிக்கிறார்கள் என்று போலிப் படங்களைப் பரப்பினார்கள். பொய் என்று நிறுவப்பட்டது. அப்படிப்பட்ட பொய்க்கு நாம் தரக்கூடிய சிறந்த மறுப்பு எது? அங்கன்வாடிப் பாயிலே நம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு உண்ணும் அந்தப் பிள்ளைதான்.

காஞ்சியின் பழைய கணக்கையும் புரட்டிப் பார்ப்போம். இந்த ஊரிலே பிறந்த தர்மபாலர், வடக்கே சென்று நாலந்தாவிலே பயின்று அதன் தலைவராகவே ஆனார். 7ஆம் நூற்றாண்டிலே வந்த சீனப் பயணி யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். நாலந்தா எங்கே இருக்கிறது? பீகாரிலே! காஞ்சிக்காரனுக்குப் பாய் விரித்து, தலைமை இருக்கையையும் கொடுத்த மண்ணின் பிள்ளை, இன்று காஞ்சியிலே மணல் குவியலில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு கணக்கும் உண்டு. 4ஆம் நூற்றாண்டிலே மயூரசர்மன் என்பவன் காஞ்சிக் கடிகைக்கு வேதம் படிக்க வந்தான். பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு சச்சரவு, அவமதிப்பு. ஏட்டைப் போட்டுவிட்டு வாளை எடுத்தான். கடம்ப அரசை நிறுவினான். தாளகுந்தாக் கல்வெட்டு சொல்கிற செய்தி இது. வேதம் ஓதும் கடிகையிலே நெய்பவன் மகனுக்கு இடம் இருந்ததா என்று கேட்காதீர்கள். விடை உங்களுக்கே தெரியும். அப்படிக் கதவு சாத்தப்பட்டவர்களின் வழிவந்த நாம், இன்னொரு பிள்ளைக்குக் கதவைச் சாத்தலாமா?

சட்டம் என்ன சொல்கிறது? 6 வயது முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை. 6 வயதுக்குக் கீழே? அரசு முயலவேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு. முயலவேண்டும், அவ்வளவுதான்! அறிவு மிக வேகமாக வளரும் வயதுக்கு உரிமை இல்லை, முயற்சி மட்டும். இதை மாற்றக் குரல் கொடுக்கவேண்டியது நம் நெடும் பணி. ஆனால் சோற்றுக்கு உரிமை இருக்கிறது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு உள்ளூர் அங்கன்வாடியிலே இலவச உணவு உரிமை. எந்த மாநிலத்தில் பிறந்தாய் என்று அது கேட்கவில்லை. ஆதார் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் நலத்திட்டத்தை மறுக்கக்கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

1920இல் நீதிக்கட்சிக் காலத்திலே சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு வேளைச் சோறு. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு. 1982இல் சத்துணவு, பள்ளிக்கு வராத பாலகருக்கும். 1989இல் கலைஞர் ஆட்சியிலே முட்டை. 2022இல் காலைச் சிற்றுண்டி. நூறாண்டாக வளர்ந்த பந்தி இது. 50,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் நம் மாநிலத்திலே உண்டு. பந்தி விரித்த வீட்டுக்காரன், வாசலிலே நிற்கும் பிள்ளையைப் பார்த்து முகத்தைத் திருப்புவதா?

ஆகவே வேலை சொல்கிறோம். மாநாடு வேண்டாம், மாலை வேண்டாம். காஞ்சியிலே, வாலாஜாபாத்திலே, ஒரகடத்திலே, ஸ்ரீபெரும்புதூரிலே உள்ள கிளைத் தோழர்கள், தத்தம் பகுதியின் தகரக் கொட்டகைகளையும் செங்கற்சூளைகளையும் ஒரு முறை சுற்றி வாருங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை என்று எண்ணுங்கள். தாயோடு அங்கன்வாடிக்கு நடந்து போங்கள். குறைந்த ஊதியத்திலே கூடுதல் பாரம் சுமப்பவர் அங்கன்வாடிப் பணியாளர். அவரிடம் அதிகாரம் காட்டாதீர்கள். அவருக்குத் துணையாளர் இல்லையா, இடம் போதவில்லையா, எழுதி வாங்குங்கள். கேட்கவேண்டிய இடத்திலே நாம் கேட்போம். பத்துச் சொல்லைச் சுவரிலே எழுதி ஒட்டுங்கள். சித்தாளின் வேலை மாலை ஆறு வரை. அங்கன்வாடி அதற்கு முன்பே மூடிவிடும். இடைப்பட்ட நேரத்துக்கு நம் படிப்பகங்கள் எதற்கு இருக்கின்றன?

பெரியவர் நம் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வீதி நடந்தார். தாயும் உடன் வந்தாள். அங்கே அவர் உரை நிகழ்த்தவில்லை. “மூன்று நாள் இந்த அம்மா உள்ளேயே உட்காரட்டும், பிள்ளை பழகட்டும்” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பெர்லினிலே கற்ற பாடம்! டீச்சர் வியந்தார், ஆயா பாயை நகர்த்திப் போட்டார். மூன்று நாள் கூலி போகுமே என்று தாய் தயங்கினாள். கடையிலே அன்று கேள்வி கேட்டாரே சிறை பார்த்த தோழர், அவர்தான் மேஸ்திரியிடம் போய்ப் பேசி அந்தக் கூலியை வாங்கிக் கொடுத்தார்.

பெர்லினிலே நம் பிள்ளைக்கு இடம் கேட்கிறோம், கேட்போம். சிங்கப்பூரிலே கேட்போம், இலண்டனிலே கேட்போம். கேட்கும் குரலுக்கு வலிமை வேண்டுமானால், காஞ்சியிலே பிறர் பிள்ளைக்கு இடம் கொடுத்த கை நமக்கு இருக்கவேண்டும்.

நாளைக் காலை அங்கன்வாடி திறக்கும் நேரம் தெரியுமல்லவா? அதற்கு முன்பாகவே கொட்டகைக்குப் போய்விடுங்கள்.